சந்தையை இடித்துக் கட்டினால் யாருக்கு லாபம்? நாகர்கோவிலை வைத்து நகரப் புத்தாக்கத் திட்டத்தைப் புரிந்துகொள்வோம்

நாகர்கோவிலில் நகர வளர்ச்சி என்ற பேச்சு எழுந்தாலே நம் ஆட்கள் கேட்பது மூன்று கேள்விகள்தான். ரோடு எவ்வளவு அகலமாகும், பஸ் ஸ்டாண்டை எப்போது இடிப்பார்கள், புதுக் கடைகளுக்கு ஏலம் என்றைக்கு. இந்த மூன்றும் ஒரு திட்டத்தின் கடைசிப் பக்கங்களில் வர வேண்டியவை. அதற்கு முன்னால் இருக்க வேண்டிய பக்கங்களை யாரும் படிப்பதில்லை. பல நேரம் அவை எழுதப்படுவதே இல்லை. அந்தப் பக்கங்களில் என்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இதில் இரண்டு காரியங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, ஊரில் வேலையும் வருமானமும் பெருக என்ன செய்வது என்பது. இதைப் பொருளாதார வளர்ச்சித் திட்டம் என்கிறோம். இன்னொன்று, ஏற்கெனவே கட்டி முடித்து, ஆள் நடமாட்டத்தோடு இருந்து, பின்பு நசிந்துபோன அல்லது நெரிசலில் திணறுகிற ஒரு பகுதியை மறுபடி சரிசெய்வது. இது புத்தாக்கத் திட்டம். முன்னது பிழைப்பைப் பற்றியது, பின்னது இடத்தைப் பற்றியது. இடம் மட்டும் புதுசாகி, அங்கே பிழைத்தவர்கள் வெளியே போய்விட்டால், அது திட்டத்தின் வெற்றி இல்லை. வெறும் கட்டட ஒப்பந்தம்.

இந்த இரண்டையும் ஒரே மேசையில் வைத்துச் செய்கிற வழக்கம் பிரிட்டனில் நெடுநாளாக உண்டு. லண்டனில் 32 பரோக்கள் இருக்கின்றன. பரோ என்றால், நம் மாநகராட்சி போலத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஆளுகிற ஒரு நகரப் பகுதி. கட்டட அனுமதி, வீட்டு வசதி, கடைத்தெரு மேம்பாடு, வேலைப் பயிற்சி என்று பலதும் அந்த ஒரே மன்றத்தின் கையில் இருக்கும். கேம்டன் பரோவில் உள்ள கிங்ஸ் கிராஸ் இதற்கு நல்ல உதாரணம். ரயிலில் வந்த நிலக்கரியையும் சரக்கையும் இறக்கிவைத்த 67 ஏக்கர் நிலம், சரக்குப் போக்குவரத்து குறைந்ததும் பாழடைந்து கிடந்தது. 1980களின் கடைசியில் போட்ட ஒரு பெரிய திட்டம், அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் கைவிடப்பட்டது. பிறகு 2006இல் புதிய திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. 2007இல் பக்கத்து செயின்ட் பாங்க்ரஸ் நிலையத்துக்கு ஐரோப்பிய அதிவேக ரயில் வந்தது. 2011இல் ஒரு பெரிய கலைக் கல்லூரி அங்கிருந்த பழைய தானியக் கிடங்குக்குக் குடிபெயர்ந்தது. 2018இல் நிலக்கரிக் கிடங்குகள் கடைத்தெருவாகத் திறக்கப்பட்டன.

இதில் கவனிக்க வேண்டியது கட்டடங்களின் அழகு இல்லை. அங்கே கட்ட வருகிற நிறுவனம், அனுமதிக்குப் பதிலாக ஊருக்கு என்ன தர வேண்டும் என்பதைச் சட்டப்படி எழுதி வாங்கிவிடுவார்கள். குறைந்த வாடகை வீடு இத்தனை, பொதுவெளி இவ்வளவு, உள்ளூர் ஆட்களுக்கு வேலைப் பயிற்சி என்று. 1990ஆம் ஆண்டு திட்டச் சட்டத்தின் 106ஆவது பிரிவு அதற்கானது. அப்படி எழுதி வாங்கியது போதுமா, குறைந்த வாடகை என்பது உண்மையில் யாருக்குக் குறைவு என்ற சண்டை அங்கே இன்னும் ஓயவில்லை. ஆனாலும் கேட்டு வாங்க ஒரு வழி இருக்கிறதே, அது பெரிய விஷயம்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

2019இல் மாநகராட்சியான நாகர்கோவிலில் 52 வார்டுகள். ஆனால் ஊர் அந்த 52 வார்டோடு முடிகிறதா என்றால் இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் சுமார் 18.7 லட்சம் பேர். அதில் 82 சதவீதத்துக்கு மேல் நகர்ப்புறத்தினர். தமிழ்நாட்டில் சென்னைக்கு அடுத்த இடம் நமக்குத்தான். மாவட்டம் முழுக்கப் பேரூராட்சிகள் நெருக்கமாக இருப்பதால் வந்த கணக்கு இது. களியக்காவிளையிலிருந்து கன்னியாகுமரி வரை பஸ்ஸில் வந்தால் எந்த ஊர் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று போர்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆக, நாகர்கோவிலுக்குத் திட்டம் போடுகிறவர், காலையில் தக்கலையிலிருந்தும் ஈத்தாமொழியிலிருந்தும் பூதப்பாண்டியிலிருந்தும் வந்து மாலையில் திரும்பிப் போகிற ஜனத்துக்கும் சேர்த்தே போட வேண்டும். அவர்கள் இங்கே ஓட்டுப் போடுவதில்லை, ஆனால் செலவு செய்வது இங்கேதான். மார்த்தாண்டம் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வேலைக்குப் பார்ப்பது நாகர்கோவிலை இல்லை, திருவனந்தபுரத்து டெக்னோபார்க் என்ற மென்பொருள் நிறுவன வளாகத்தை. மாநில எல்லை வரைபடத்தில்தான். வேலை தேடுகிறவனுக்கு அது தெரியாது.

வளர்ச்சித் திட்டத்தின் முதல் பக்கம் ஒரு கணக்கு. ஊருக்குள் காசு எந்த வழியாக வருகிறது, வந்தபின் எத்தனை கை மாறுகிறது, எந்த வழியாக வெளியே போகிறது. நாஞ்சில் நாட்டில் குளம் வெட்டிய ஆட்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டாம். வரத்துக்கால் நன்றாக இருந்தால் மட்டும் போதாது, மடை வழியாக இறங்கும் தண்ணீர் எத்தனை வயல் ஏறி இறங்குகிறது என்பதில்தான் விளைச்சல் இருக்கிறது.

நாகர்கோவிலுக்குக் காசு வரத்து குறைவே இல்லை. வளைகுடாவிலிருந்து வருகிறது. அரசுச் சம்பளமும் ஓய்வூதியமும் வருகிறது. மகேந்திரகிரியில் இஸ்ரோ மையத்தில் வேலை பார்க்கும் பல குடும்பங்கள் இங்கேதான் குடியிருக்கின்றன. மேற்கே ரப்பர், தெற்கே மீன், கிழக்கே தோவாளைப் பூ. ஆனால் வந்த காசு எங்கே போகிறது? பெரும்பாலும் மனை, வீடு, நகை, பிள்ளைகளின் படிப்பு, கல்யாணம். வீடு கட்டும்போது கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் வேலை கிடைக்கிறது, உண்மைதான். வீடு முடிந்ததும் அந்த வேலையும் முடிந்துவிடும். படித்த பிள்ளை சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால், படிப்புக்குப் போட்ட காசின் பலனும் கூடவே போய்விடும். வரத்து இருந்தும் ஊரில் வேலை பெருகாததற்கு என் கணிப்பில் இதுதான் முதல் காரணம். ரோடு குறுகலாக இருப்பது அதற்கு அப்புறம்தான்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்று வடசேரியிலேயே இருக்கிறது. கோயில் நகை செய்கிற பட்டறைகள். வெள்ளியில் அடித்தளம் செய்து, உள்ளே அரக்கு நிரப்பி, சிவப்பும் பச்சையுமாகக் கல் பதித்து, விளிம்பைத் தங்க ரேக்கால் அழுத்திச் சுற்றுவார்கள். நெற்றிச்சுட்டி, சூரியப்பிரபை, சந்திரப்பிரபை, ராக்கொடி என்று பரதநாட்டியம் ஆடுகிறவர்களுக்கு வேண்டியதெல்லாம் இங்கே செய்கிறார்கள். புவிசார் குறியீடும் பெற்ற தொழில் இது. ஒரு சுட்டியைச் சென்னையிலோ வெளிநாட்டிலோ ஒருவர் வாங்கும்போது அந்தக் காசு வெளியிலிருந்து உள்ளே வருகிறது. வந்த காசு கல் பதிக்கிறவர், மெருகு போடுகிறவர், பக்கத்து டீக்கடை என்று தெருவுக்குள்ளேயே கை மாறுகிறது. எண்ணிக்கையில் சின்னத் தொழில்தான். ஆனால் வளர்ச்சித் திட்டம் தேடிப் பிடித்துக் காப்பாற்ற வேண்டிய வகை இது.

இந்த இடத்தில்தான் இடமும் பிழைப்பும் முட்டிக்கொள்ளும். இந்தப் பட்டறைகள் வீட்டை ஒட்டியே இருப்பவை. நகரத்தின் முழுமைத் திட்டம் என்று ஒன்று போடுவார்கள். எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று நிறம் பூசிய வரைபடம் அதில் வரும். குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், விவசாயம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். பட்டறைத் தெரு முழுவதையும் குடியிருப்பு நிறத்தால் மூடி, குடிசைத் தொழிலுக்கு விதியில் இடம் வைக்க மறந்தால், பட்டறைக்கு உரிமம் வாங்குவது, வங்கியில் கடன் கேட்பது, மின் இணைப்பை மாற்றுவது எல்லாம் இழுபறியாகும். யாரும் வந்து மூடச் சொல்ல வேண்டாம். தானாகவே தேய்ந்துவிடும்.

வயலுக்கும் இதே கதைதான். சுசீந்திரம், தேரூர் பக்கத்து ஈரநிலங்கள் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. பழையாறு நகரத்தின் ஓரமாக ஓடி மணக்குடியில் கடலில் சேர்கிறது. இந்த ஆற்றுக்கும் குளங்களுக்கும் நடுவே இருக்கும் வயலை மனையாக மாற்றினால் விலை பல மடங்கு ஏறும். ஏறிய விலை நிலத்துக்காரருக்கும் தரகருக்கும். மழைக்காலத்தில் தெருவில் நிற்கிற தண்ணீரை இறைக்கிற செலவு மாநகராட்சிக்கு, அதாவது வீட்டு வரி கட்டுகிற எல்லோருக்கும். 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தில் எங்கெங்கே தண்ணீர் ஏறியது என்பதை நிறம் பூசுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது.

இப்போது சந்தைக்குப் போவோம். புத்தாக்கத் திட்டத்தின் முழுச் சிக்கலும் ஒரு சந்தைக்குள் அடங்கிவிடும்.

வடசேரியில் கனகமூலம் சந்தை இருக்கிறது, கோட்டாற்றில் கம்பளம் என்று ஊரில் சொல்கிற பழைய சந்தை இருக்கிறது. கோட்டாறு, நாகர்கோவில் என்ற நகரம் உருவாகும் முன்பே வாணிகத்துக்குப் பேர்போன ஊர். இப்படி ஒரு சந்தையில் ஏத்தங்குலை (நேந்திர வாழைக்குலை) ஒன்று வந்து இறங்குவதைப் பாருங்கள். தோட்டக்காரர் வண்டியில் கொண்டுவருகிறார். சுமடு இறக்குகிறவருக்குக் கூலி. ஏலம் கூறுகிறவருக்குக் கமிஷன். மொத்தமாக எடுத்தவர் சீப்பு சீப்பாக வெட்டிச் சில்லறைக்காரருக்குத் தருகிறார். காயாக வாங்கியவர் சிப்ஸ் போடுகிறார், பழுத்ததை டீக்கடைக்காரர் பழம்பொரி ஆக்குகிறார். தழையும் தண்டும் மாட்டுக்குப் போகிறது. ஒரு குலை ஆறேழு வீட்டு அடுப்பை எரியவைக்கிறது. இதற்கெல்லாம் தேவைப்படுவது வண்டி பின்னோக்கி வந்து நிற்க ஒரு இடம், தரை கழுவத் தண்ணீர், கழிவுநீர் ஓட வாய்க்கால், மேலே ஒரு கூரை, அப்புறம் பெண்களுக்கு ஒரு நல்ல கழிப்பறை. இவை இல்லாததுதான் பழைய சந்தைகளின் குறை. மாடி இல்லாதது குறையில்லை.

ஆனால் திட்டம் என்று வரும்போது மாதிரிப் படத்தில் மூன்று மாடியும் கண்ணாடி முகப்பும் இருக்கும். (அந்தப் படங்களில் ஒருபோதும் மழை பெய்யாது, மீன்கூடை இருக்காது, எல்லோரும் சிவப்பாக, கையில் ஒரு பையோடு நடப்பார்கள்.) கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: பழைய கடைக்கு மாத வாடகை 3,000 ரூபாய். கோடிக்கணக்கில் கடன் வாங்கிக் கட்டிய புதுக் கடைக்கு ஏலத்தில் 15,000 ரூபாய் போகிறது. காய்கறிக்காரரின் வியாபாரம் ஐந்து மடங்கு கூடியதா? கூடாது. கத்தரிக்காயில் அவ்வளவு லாபம் கிடையாது. செல்போன் கடையும் ரெடிமேட் துணிக்கடையும்தான் அந்த வாடகையைத் தாங்கும். மாநகராட்சிக்கு வருமானம் ஏறும், பக்கத்து நிலத்துக்கு விலை ஏறும். காய்கறிக்காரர் ரோட்டோரத்துக்கு இறங்குவார். பிறகு ரோட்டை ஆக்கிரமிக்கிறார் என்று அவர் மேலேயே புகார் வரும்.

கட்டி முடியும் வரையிலான காலமும் உண்டு. தற்காலிக இடம் என்று ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தைக் கொடுத்தால், இரண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் வாடிக்கை கலைந்துவிடும். கைக்காசில் ஓடுகிற வியாபாரத்துக்கு அது பெரிய அடி. அதனால் நல்ல திட்டம் ஒரேயடியாக இடிக்காது. பாதியை இடித்துக் கட்டி, மறுபாதியை அங்கே மாற்றி, அப்புறம் மிச்சத்தைத் தொடும். செலவு கொஞ்சம் கூடும்தான்.

பொதுப்பணத்தில் ஓர் இடத்தைச் சீர்செய்தால் அந்த இடத்தின் மதிப்பு ஏறத்தான் செய்யும். ஏறாவிட்டால் செய்த வேலையில் கோளாறு என்று அர்த்தம். ஏறிய மதிப்பில் எவ்வளவு பொதுவுக்கு, எவ்வளவு நிலத்துக்காரருக்கு, எவ்வளவு அங்கேயே பிழைத்தவர்களுக்கு என்பதைக் கட்டுவதற்கு முன்பே எழுதிவைப்பதுதான் புத்தாக்கத் திட்டம். மாடி எத்தனை என்பது அதற்குப் பிறகு. பழைய கடைக்காரர்களுக்கு முதல் உரிமை, அவர்களுக்கு ஐந்தாறு வருஷத்துக்குப் படிப்படியாக ஏறும் வாடகை, தரைத்தளத்தை அழுகும் பொருள் விற்கிறவர்களுக்கு ஒதுக்குவது, ஏலத்தை மாடிக் கடைகளோடு நிறுத்துவது என்று பல வழிகள் உண்டு. மன்றம் விரும்பினால் செய்யலாம்.

தெருவோரம் கடை போடுகிறவர்களுக்குச் சட்டமே துணை இருக்கிறது. 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டம் ஒவ்வொரு நகரத்திலும் விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. கடற்கரை ஊர்களிலிருந்து மீன்கூடையோடு பஸ் ஏறி வருகிற அக்காமார்கள் இந்தக் கணக்கெடுப்பில் சேர்ந்தார்களா என்பதுதான் இங்கே கேட்க வேண்டிய கேள்வி. ஒரே இடத்தில் கடை போடுகிறவரை எண்ணுவது சுலபம். தெருத் தெருவாகச் சுமந்து விற்கிறவரும் சட்டத்தின்படி தெரு வியாபாரிதான், ஆனால் எண்ணுகிறவர் கண்ணில் படுவது அபூர்வம்.

யார் திட்டம் போடுகிறார்கள்? இங்கேதான் பிரிட்டன் பரோவுக்கும் நமக்கும் பெரிய வித்தியாசம். 1992இல் கொண்டுவந்த 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம், நகர அமைப்புகளிடம் ஒப்படைக்கத் தக்கவை என்று 18 வேலைகளைப் பட்டியல் போட்டது. நகரத் திட்டமிடலும், பொருளாதார, சமூக வளர்ச்சிக்கான திட்டமிடலும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. காகிதத்தில் பரோவுக்குச் சமம்தான். நடைமுறையில் முழுமைத் திட்டம், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் மாநில அரசின் நகர் ஊரமைப்புத் துறை வழியாகப் போகிறது. முக்கிய ரோடு நெடுஞ்சாலைத் துறைக்கு, குளமும் ஆறும் நீர்வளத் துறைக்கு, கம்பம் மின்வாரியத்துக்கு, பெரிய குடிநீர்த் திட்டங்கள் குடிநீர் வடிகால் வாரியத்துக்கு, தண்டவாளம் ரயில்வேக்கு. ஒரு ஜங்ஷனைச் சரிசெய்ய ஐந்து ஆபீஸ் ஒத்துவர வேண்டும். பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டிய தெருவை மூடித் தார் போட்டதும், இன்னொரு குழாய்க்காக மறுபடி தோண்டுவதைப் பார்த்து நாம் தலையில் அடித்துக்கொள்கிறோம். இடம் ஒன்று, திட்டம் ஐந்து என்பதால் வருகிற வினை அது.

பணமும் அப்படித்தான் சிதறி வருகிறது. சொத்து வரி, தொழில் வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை ஆகியவை சொந்த வருமானம். மிச்சம் நிதிக்குழு மானியமும், அம்ருத் போன்ற மத்திய அரசுத் திட்டப் பணமும், கடனும். 2015இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் பட்டியலில் திருநெல்வேலியும் தூத்துக்குடியும் இடம்பெற்றன, நாகர்கோவில் இல்லை. அதனால் இங்கே ஒரே வீச்சில் ஒரு பகுதியை மாற்றுகிற அளவுக்குப் பணம் வந்ததில்லை. அதில் ஒரு நன்மையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். பெரிய காசு வந்தால் பெரிய கட்டடம்தான் முதலில் எழும்.

கடைசியாக, உங்களுக்கு இதில் என்ன வேலை? முழுமைத் திட்டத்தின் வரைவு தயாரானதும் அரசிதழிலும் நாளிதழிலும் அறிவிப்பு வரும். ஆட்சேபணையும் ஆலோசனையும் எழுதித் தரக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தர வேண்டும் என்பது சட்டம். அந்த அறிவிப்பு, ஏல விளம்பரங்களுக்கு நடுவே பொடி எழுத்தில் இருக்கும், கண்ணில் படாது. பட்டால், போய் வரைபடத்தில் உங்கள் தெருவின் நிறம் என்ன என்று பாருங்கள். எழுதிக் கொடுக்கும்போது ‘எங்கள் ஊர் பாதிக்கப்படும்’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. சர்வே எண்ணைப் போட்டு, இன்ன இடத்தில் இத்தனை பேர் இன்ன தொழில் செய்கிறார்கள், குடியிருப்பு என்பதைக் கலப்புப் பயன்பாடு என்று மாற்றுங்கள் என்று எழுத வேண்டும். குளத்தங்கரை என்றால் வரத்துக்கால் எங்கே போகிறது என்று கையால் ஒரு படம் வரைந்து இணைக்கலாம். நேரில் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தபாலில் அனுப்பினால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு, 2022இல் விதி வகுத்த வார்டு குழுவும், அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசுகிற ஏரியா சபையும் இருக்கின்றன. அதில் தெருவிளக்குப் பேச்சு முடிந்ததும், நம் வார்டில் எந்தெந்தத் தொழில் நடக்கிறது என்ற பட்டியல் மாநகராட்சியிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால், கூட்டக் குறிப்பில் அதை எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்துக்குள் அந்தப் பட்டியலை நீங்களே தயாரிக்க முடியும். ஒரு தெருவுக்கு ஒரு சாயங்காலம் போதும்.